எழுபது வளைவுக்கு மேலே ஒரு வெள்ளாமை: கொல்லிமலைக்கு ஒரு நாள் பயணம்

'மாடு கன்று வைத்திருக்கிறோம். இரண்டு நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக முடியாது. காலையில் பால் கறந்துவிட்டுக் கிளம்பி, ராத்திரிக்குள் திரும்புகிற மாதிரி ஒரு மலை சொல்லுங்கள். செலவும் கையைக் கடிக்கக் கூடாது.'

பள்ளி விடுமுறை நெருங்கினால் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துவிடும். நாமக்கல், சேலம், கரூர், திருச்சி, பெரம்பலூர் பக்கத்து வாசகர்களுக்கு நாம் சொல்லும் பதில் கொல்லிமலை. சாலை, அருவி, கோயில், குளிர் என்று எல்லா மலைகளிலும் இருப்பது இங்கேயும் உண்டு. விவசாயக் குடும்பத்துக்குக் கூடுதலாக ஒன்று கிடைக்கும். இந்த மலையில் நாம் பார்க்கப் போவது பெரும்பாலும் நம்மைப் போன்ற சிறு விவசாயிகளின் காடுகளைத்தான். நெல், சாமை, கேழ்வரகு, மரவள்ளி, மிளகு, காபி, அன்னாசி, பலா, மலைவாழை என்று ஒரே நாளில் இத்தனை பயிர்களைச் சாலையோரமாகவே பார்த்துவிடலாம்.

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது கொல்லிமலை. மேல்பகுதி ஏறக்குறைய 1,000 மீட்டர் முதல் 1,300 மீட்டர் வரை உயரம். மலை முழுக்கப் பரவி வாழ்பவர்கள் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது, பேசுவது தமிழ்தான். ஊர்களை இவர்கள் 'நாடு' என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, திண்ணனூர் நாடு என்று 14 நாடுகள் இன்று 14 ஊராட்சிகளாக இருக்கின்றன. கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. செம்மேட்டில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஆடிப்பெருக்கை ஒட்டி அரசு சார்பில் ஓரி விழாவும் நடக்கிறது.

எந்த மாதத்தில் போகலாம்?

எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பொறுத்து மாதத்தை முடிவு செய்யுங்கள்.

அருவியில் தண்ணீர் பார்க்க வேண்டுமானால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி நல்லது. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஓடைகள் எல்லாம் நிறைந்திருக்கும். ஆனால் கனமழை அறிவிப்பு உள்ள நாட்களில் போகவே வேண்டாம். மலைச்சாலையில் மண் சரியும். அருவிக்குப் போகவும் தடை போட்டுவிடுவார்கள்.

காபிப் பழம் பறிப்பது கார்த்திகையிலிருந்து தை வரை. மிளகு அறுவடை தை, மாசி, பங்குனி. இந்த மாதங்களில் போனால் வீட்டு வாசல்களில், களங்களில், சில இடங்களில் சாலையோரத்திலேயே மிளகு காய்ந்துகொண்டிருக்கும். கோடை மழை விழுந்த சில நாட்களில் காபிச் செடி வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை போல வாசம் வீசும். வைகாசி, ஆனி மாதங்களில் பலாவும் அன்னாசியும் வரத்தாக இருக்கும்.

ஆடி 17, 18 தேதிகளில் கூட்டம் அலைமோதும். திருவிழா பார்க்க ஆசைப்பட்டால் அன்றைக்குப் போகலாம். பயிரையும் ஊரையும் பார்க்க வேண்டுமானால் சாதாரண வாரநாள்தான் சரி.

எழுபது வளைவு: வண்டி ஓட்டுபவர் கவனத்துக்கு

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளிக்கு வந்தால் அதுதான் அடிவாரம். அங்கிருந்து தொடங்குகின்றன 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட பலகை நிற்கும். பிள்ளைகளை எண்ணிக்கொண்டே வரச் சொல்லுங்கள். வழி நெடுக வேலை இருக்கும்.

அடிவாரத்தில் இருப்பது முள்ளும் புதருமான வறண்ட காடு. இலையுதிர் மரங்கள், மூங்கில், வெயில். ஏற ஏற மரங்களின் உயரம் கூடும், நிறம் மாறும், காற்றில் ஈரம் தெரியும். கண்ணாடியை இறக்கிவிட்டால் எந்த வளைவுக்கு மேல் வெக்கை விட்டது என்று உடம்பே சொல்லிவிடும். மேலே ஓடைப் பள்ளங்களில் தப்பி நிற்கிற சோலைக்காடு பசுமை மாறாதது.

மலைச்சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள் இந்த விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறுகலான இடத்தில் எதிரெதிரே வண்டி வந்தால், ஏறி வரும் வண்டிக்குத்தான் முதலில் வழி விட வேண்டும். இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை, சாலை விதியும் இதுதான்.

இறங்கும்போது, எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இரண்டாவது கியரில் மெதுவாக வாருங்கள். கருகல் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும்.

ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் ஹாரன் அடியுங்கள். வளைவில் முந்தாதீர்கள். பேருந்தும் லாரியும் திரும்ப முழுச் சாலையும் தேவைப்படும். கொஞ்சம் முன்னாலேயே நின்று வழி விடுங்கள்.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறாதீர்கள். கோயிலுக்கு, காதுகுத்துக்கு என்று மினி சரக்கு வண்டியில் இருபது பேர் போவது நம் ஊர்களில் சகஜமாகிவிட்டது. வளைவில் பின்னால் நிற்பவர்களின் பாரம் ஒரு பக்கமாகச் சாயும்போது வண்டியும் சாயும். சட்டப்படியும் அது தவறு. ஆள் அதிகம் என்றால் வேன் பேசிக்கொள்ளுங்கள், அல்லது அரசுப் பேருந்தில் போங்கள். நாமக்கல், சேலம், ராசிபுரம் பக்கமிருந்து பேருந்துகள் உண்டு. மலைக்குள் பேருந்து குறைவு என்பதால், ஏறும்போதே நடத்துநரிடம் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள்.

தலைசுற்றல், வாந்தி வருபவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறக் கூடாது. முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்தில் பார்வையை வைக்கட்டும். குரங்குகளுக்கு எதுவும் போடாதீர்கள். வளைவில் வண்டியை நிறுத்தித் தீனி போடுவதால்தான் அவை சாலைக்கு வந்து அடிபடுகின்றன. ருசி கண்ட குரங்கு அடுத்து மலை விவசாயியின் காட்டுக்குள்தான் இறங்கும்.

சந்தையில் முதல் பாடம்

வளைவுகள் முடிந்து மேலே ஏறியதும் வருவது சோளக்காடு. இங்கே கூடும் சந்தை, மலையின் விளைச்சல் கீழே இறங்குகிற வாசல். மலைவாழைத் தாறு, பலா, அன்னாசி, கொய்யா, மிளகு, காபிக்கொட்டை, தேன், கிழங்கு எல்லாம் வரும். கீழே இருந்து வந்த வியாபாரிகள் மொத்தமாக எடுப்பார்கள்.

இங்கே பேரம் பேசுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். உழவர் சந்தையில் கத்தரிக்காயைக் குவித்து வைத்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது, காரில் வந்தவர் பாதி விலைக்குக் கேட்டால் எப்படி இருக்கும்? எதிரில் இருக்கும் அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும். அவர் அந்தத் தாற்றைத் தலைச்சுமையாக எடுத்து வந்து, பிறகு வண்டிக்கூலி கொடுத்து இங்கே சேர்த்திருக்கலாம். மலையில் எந்தப் பொருளுக்கும் சமவெளியை விடப் போக்குவரத்துச் செலவு கூடுதல்.

மிளகு வாங்குபவர்கள் தரம் பார்த்து வாங்கலாம். நன்றாக முற்றிய மிளகு கனமாக இருக்கும். லிட்டர் படியில் தலைதட்டி அளந்து எடை போட்டால் 500 கிராமுக்கு மேல் நிற்பது நல்ல மிளகு. ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். முற்றிய மிளகு அடியில் தங்கும். பொக்கும், கலப்படமாகச் சேர்க்கும் பப்பாளி விதையும் மிதக்கும்.

ஆட்டுக்கால் கிழங்கு, முடவாட்டுக்கால் என்று ரோமம் மூடிய கிழங்கு ஒன்றை வழியெங்கும் விற்பார்கள். அதில் சூப்பும் வைத்துக் கொடுப்பார்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணிச் செடியின் தண்டு அது. ஒரு டம்ளர் சூப் குடித்துப் பார்க்கலாம், ருசியாகவே இருக்கும். மூட்டுவலி தீரும் என்று நம்பி, சாப்பிடும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மூட்டை மூட்டையாக வாங்கவும் வேண்டாம். மெதுவாக வளரும் செடி அது. கேட்பவர் கூடக் கூடக் காட்டில் அது குறைந்துகொண்டே போகும்.

ஒரே மரத்தில் இரண்டு வருமானம்

செம்மேட்டைச் சுற்றி எங்கே பார்த்தாலும் நெடுநெடுவென நிற்பவை சில்வர் ஓக் மரங்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த மரம் தேயிலை, காபித் தோட்டங்களின் நிழலுக்காக நம் மலைகளுக்கு வந்தது. கொல்லிமலை விவசாயிகள் அதில் மிளகுக் கொடியை ஏற்றியிருக்கிறார்கள். கீழே காபி, நடுவில் மிளகு, மேலே மரம். மரம் நேராக வளர்வதால் ஏணி சாத்திப் பறிக்க வசதி. உதிரும் இலை மூடாக்காகிவிடும். அவசரத்துக்கு மரத்தை விற்கவும் செய்யலாம். பலா, கல்யாண முருங்கை மரங்களில் ஏற்றிய கொடிகளையும் பார்க்கலாம்.

தோட்டக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள். கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலில், கொடி எந்தப் பக்கம் நட்டிருக்கிறது என்று பாருங்கள். மரத்தின் வடக்கு, வடகிழக்குப் பக்கம் நட்டால் தெற்கு வெயில் நேராகச் சுடாது. அடுத்து, கிளை கழித்திருப்பதைப் பாருங்கள். பருவமழைக்கு முன் தாங்கு மரத்தின் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விட்டால்தான் கொடியில் பூச்சரம் நன்றாகப் பிடிக்கும். மூன்றாவது, வடிகால். மிளகைக் கொல்லும் பெரிய எதிரி வாடல் நோய். தூரில் தண்ணீர் தேங்கினால் அதற்குக் காரணமான பூஞ்சணம் பெருகும். சரிவான நிலத்தில் தண்ணீர் நிற்காது என்பதால் மலை விவசாயிக்கு அந்த வகையில் ஒரு வசதி.

பறிப்பதற்கும் பக்குவம் உண்டு. ஒரு சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் பழுத்துச் சிவந்தால் சரம் முழுவதும் பறிக்கத் தயார். பச்சையாக 100 கிலோ பறித்தால், காய்ந்து கையில் நிற்பது ஏறக்குறைய 33 கிலோ. ஒரு கிலோ மிளகின் விலையைக் கேட்டு மலைக்கும்போது இந்தக் கணக்கையும், ஏணியில் நின்று பறித்த கூலியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சாமைக் காடு எங்கே போனது?

ஐம்பது வயதைத் தாண்டிய மலைக்காரர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்தால், சாமைச் சோறு தின்று வளர்ந்த கதை கட்டாயம் வரும். பள்ளத்து வயலில் நெல், சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்பதுதான் இந்த மலையின் பழைய பண்ணையம். மண் ஆழம் குறைந்த சரிவிலும், மானாவாரியாக, உரம் பெரிதாகப் போடாமல் வந்துவிடும் பயிர்கள் இவை. தட்டை மாட்டுக்கு ஆகும். தானியம் உமியோடு இருந்தால் வருடக்கணக்கில் பூச்சி பிடிக்காமல் குதிரில் கிடக்கும்.

இன்று அந்தச் சரிவுகள் பலவற்றில் நிற்பது மரவள்ளி. காரணம் தெளிவானது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஜவ்வரிசி ஆலைகள் ஏராளம். கிழங்கைப் பிடுங்கினால் லாரி வந்து எடுத்துக்கொள்கிறது, கையில் மொத்தமாகப் பணம் கிடைக்கிறது. பிள்ளையின் படிப்பு, மருத்துவச் செலவு, கல்யாணம் எதற்கும் பணம்தான் வேண்டும். இன்னொரு பக்கம், ரேஷன் கடையில் அரிசி கிடைக்கிறது. சாமையைச் சோறாக்க வேண்டுமானால் உமி நீக்க வேண்டும். உரலில் போட்டுக் குத்திப் புடைக்கும் அந்த வேலை முழுக்கப் பெண்கள் தலையில்தான் விழுந்தது. பகலெல்லாம் காட்டு வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் சாமை குத்தியவர்கள், அரிசி கிடைத்ததும் அதற்கு மாறியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

விலை வேறு இடத்தில் கொடுக்கப்படுகிறது. மரவள்ளியைப் பிடுங்கும்போது சரிவில் மண் கிளறப்படுகிறது. அடுத்து வரும் மழை அந்த மேல்மண்ணைக் கீழே இழுத்துப் போகிறது. வருடம் ஏற ஏற உரம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. கிழங்கு விலை விழுந்த வருடத்தில், வீட்டில் சமைத்துச் சாப்பிடவும் குதிரில் தானியம் இருப்பதில்லை. விதைக்காமல் விட்ட ரகம் இரண்டு மூன்று வருடத்தில் முளைப்புத்திறன் இழந்துவிடும். பிறகு வேண்டும் என்று நினைத்தாலும் விதை கிடைக்காது.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து கொல்லிமலையில் இந்தப் பிரச்னையில் வேலை செய்து வருகிறது. பாரம்பரிய ரகங்களைச் சேகரித்து ஊர் அளவில் விதை வங்கிகள் அமைப்பது, வரிசை விதைப்பு போன்ற எளிய உத்திகள், உமி நீக்கும் இயந்திரங்களை ஊருக்கே கொண்டுவருவது, சுய உதவிக் குழுப் பெண்கள் மூலம் அரிசியாகவும் மாவாகவும் விற்பது என்று பல முனைகளில் அந்த வேலை நடந்திருக்கிறது. இதில் சிறு விவசாயிகள் கவனிக்க வேண்டிய இடம் இயந்திரம்தான். விதையை மட்டும் காப்பாற்றி, குத்தும் வேலையை அப்படியே விட்டிருந்தால் எந்த வீட்டுப் பெண்ணும் சாமைப் பக்கம் திரும்பியிருக்க மாட்டார். நம் ஊரில் வரகையும் குதிரைவாலியையும் திரும்பக் கொண்டுவர நினைக்கும் உழவர் குழுக்கள், விதைக்கு முன்னால் உமி நீக்கும் இயந்திரத்துக்கு வழி பார்க்க வேண்டும்.

அதனால் கொல்லிமலைக்குப் போனால் இரண்டு கிலோ சாமை அரிசியோ, கேழ்வரகோ வாங்கி வாருங்கள். மலையில் விளைந்ததுதானா என்று கேட்டு வாங்குங்கள். சுற்றுலா வருபவர்கள் மிளகும் தேனும் மட்டும் கேட்டால் மலையில் அவை மட்டும்தான் மிஞ்சும். சாமை கேட்டு நாலு பேர் வந்தால், ஒரு குடும்பம் அரைக் காணியிலாவது அதை விதைத்து வைக்கும்.

ஆகாய கங்கை: இறங்குவது சுலபம்

செம்மேட்டிலிருந்து வளப்பூர் நாட்டுக்குப் போகும் சாலை, மலைச்சாலைப் பயணத்தின் இனிமையான பகுதி. வளைவுகள் கடுமையாக இல்லை. இருபுறமும் அடுக்கு வயல், மிளகுத் தோட்டம், ஓட்டு வீடுகள். வழியில் வாசலூர்பட்டியில் படகு இல்லம் உண்டு. முடிவில் அறப்பளீஸ்வரர் கோயில். பழமையான சிவன் கோயில் இது. 'அறப்பளீசுர சதகம்' இந்த ஈசன் பெயரில் பாடப்பட்டதுதான். பக்கத்து ஆற்று மீன்களை யாரும் பிடிப்பதில்லை. பக்தர்கள் பொரி போட்டு வணங்குவார்கள்.

கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆகாய கங்கைக்குப் படி இறங்குகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஐயாறு அங்கே ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. கீழே நின்றால் சாரலில் உடம்பு நனைந்துவிடும்.

இறங்கும்போது எல்லோருக்கும் உற்சாகம்தான். ஏறும்போதுதான் தெரியும். பல இடங்களில் படி செங்குத்தாக இருக்கிறது. இதய நோய், ஆஸ்துமா, மூட்டுவலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் கோயிலோடு நின்றுகொள்வது நல்லது. தண்ணீர் பாட்டிலும், கொஞ்சம் கடலை மிட்டாயோ வெல்லமோ கையில் இருக்கட்டும். ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் இறங்க வேண்டாம். தடுப்பைத் தாண்டிப் பாறைப் பக்கம் போகாதீர்கள், பாசி வழுக்கும். மேல்மலையில் பெய்யும் மழை கீழே தெரியாது. தண்ணீர் திடீரெனக் கலங்கி வந்தால் அந்த நொடியே வெளியே வந்துவிடுங்கள்.

அவ்வளவு நடக்க முடியாதவர்களுக்கு மாசிலா அருவி, நம் அருவி இரண்டும் சுலபமானவை. சீக்குப்பாறை, சேலூர் காட்சி முனைகளில் நின்றால் கீழே நம் சமவெளி வயல்கள் கட்டம் கட்டமாகத் தெரியும்.

அந்தக் காடு நம் கிணறு

காட்சி முனையில் நிற்கும்போது பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். இந்த மலையில் பிறக்கும் ஐயாறு, அருவியாக விழுந்து திருச்சி மாவட்டத்தின் புளியஞ்சோலைக்கு இறங்குகிறது. நாமக்கல் பக்கம் ஓடும் கரைபோட்டான் ஆறும், தம்மம்பட்டி வழியாகப் போகும் சுவேத நதியும் இந்த மலையில் பிறப்பவைதான். இந்த ஆறுகளின் கரையில் கிணறு வைத்திருப்பவர்கள் எல்லோரும் கொல்லிமலைக் காட்டுக்குக் கடன்பட்டவர்கள்.

மேலே பெய்யும் மழை, மரமும் சருகும் மூடிய மண்ணில் மெதுவாக இறங்கும். அப்படி இறங்கிய தண்ணீர் பாறை இடுக்குகளில் கசிந்து, மழை நின்ற பிறகும் பல வாரங்கள் ஓடையாக வரும். சருகு எரிந்துபோனால் அதே மழை மண்ணோடு ஒரே நாளில் இறங்கிவிடும். ஏரியில் வண்டல் மேடிடும். கிணற்றில் தண்ணீர் சீக்கிரம் வற்றும். அதனால் மலையில் அணைக்காமல் போட்ட பீடித்துண்டு, அடிவாரத்தில் இருக்கும் நம் கிணற்றையும் சேர்த்துத்தான் பாதிக்கிறது.

காட்டுக்குள் நடக்க ஆசைப்படுபவர்களுக்கு

ஊருக்கு ஊர் போகும் சாலையிலும், கோயில் படிகளிலும் யாரும் நடக்கலாம். மலை உச்சியில் இருக்கும் மாசி பெரியசாமி கோயிலுக்கும் பக்தர்கள் நடந்துதான் ஏறுகிறார்கள். காப்புக்காட்டுக்குள் நடப்பதானால் வனத்துறை அனுமதி கட்டாயம். புளியஞ்சோலையிலிருந்து மேலே ஏறும் காட்டுப் பாதைக்கும் இதே விதிதான். இளவட்டங்கள் கைபேசியில் வழி பார்த்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்தது. இணையத்தில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போகலாம். வழிகாட்டிகளாக இருப்பவர்கள் பெரும்பாலும் அந்தந்த மலைக் கிராமத்து இளைஞர்கள். கோடையில், தீ பிடிக்கும் காலத்தில் மலையேற்றத்தை நிறுத்தி வைப்பார்கள். அந்த நாட்களில் கெஞ்சிக் கேட்கவும் வேண்டாம்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. வீட்டிலிருந்து கட்டுச்சோறு எடுத்துப் போனால் வாழை இலையிலோ, தூக்குப் போசியிலோ கொண்டு போங்கள். குப்பையைத் திரும்பக் கீழே எடுத்து வந்துவிடுங்கள். மலையில் மாடு மேய்கிறது. பாலிதீன் பை தின்று வயிறு உப்பிச் சாகும் மாட்டின் வேதனை நமக்குத் தெரியாததில்லை.

ஒரு நாள் திட்டம் (நாமக்கல்லிலிருந்து)

காலை 6.00: கறவை முடித்துக் கிளம்புதல். மாலைக் கறவைக்குப் பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள்.
7.30: காரவள்ளி அடிவாரம். டயர், பிரேக் பார்த்துவிட்டு ஏறுங்கள்.
9.00: சோளக்காடு. சிற்றுண்டி, சந்தை. பொருளை இறங்கும்போது வாங்கலாம்.
10.00: மிளகு, காபித் தோட்டம் பார்த்தல்.
11.00: அறப்பளீஸ்வரர் கோயில். முடிந்தவர்கள் ஆகாய கங்கை.
2.30: மதியச் சாப்பாடு.
3.30: சீக்குப்பாறை காட்சி முனை.
4.30: இறங்கத் தொடங்குதல். இருட்டிலும் பனிமூட்டத்திலும் வளைவில் இறங்க வேண்டாம்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் தென்னந்தோப்பில் மிளகு வருமா?

பதில்: நிழலும் ஈரமும் வடிகாலும் இருந்தால் வரும். இடைவெளி விட்டு நட்ட, வயது முதிர்ந்த தென்னந்தோப்பில், கோடையிலும் தண்ணீர் விட முடிகிறவர்கள் முயன்று பார்க்கலாம். அனல் காற்று வீசும் திறந்த மேட்டாங்காட்டில் தாங்காது. முதலில் பத்து மரத்தில் மட்டும் ஏற்றிப் பாருங்கள். இரண்டு கோடை தாண்டினால் பிறகு கூட்டலாம்.

கேள்வி: மலைவாழைக் கன்று வாங்கி வந்து தோட்டத்தில் நடலாமா?

பதில்: வேண்டாம். மலையின் குளிரும் மண்ணும் இல்லாமல் அந்த ருசி வராது. அதைவிட முக்கியம் முடிக்கொத்து நோய். இது கன்று மூலமாகவும் அசுவினி மூலமாகவும் பரவும். பழனி கீழ்மலையிலும் சிறுமலையிலும் மலைவாழையை அழித்தது இந்த நோய்தான். கீழிருந்து கன்றுகளை மலைக்குக் கொண்டு போவதும் இதே அளவு ஆபத்து.

கேள்வி: சாமை எங்கள் ஊர் மானாவாரியில் வருமா? விதைக்கு எங்கே போவது?

பதில்: தாராளமாக வரும். ஏறக்குறைய மூன்று மாதப் பயிர், ஆடிப்பட்டத்துக்கு ஏற்றது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் இருக்கிறது. அங்கிருந்து வந்த ஏ.டி.எல்.1 சாமை ரகம் பற்றி உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். விதைக்கும் முன், உமி நீக்கித் தரும் ஆலை பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மலைத் தோட்டத்தில் நுழைந்து பார்க்கக் கட்டணம் கொடுக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் இல்லை. ஆனால் அவர் வேலையை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் உங்களோடு நடக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். அவரிடமே கொஞ்சம் மிளகோ காபியோ வாங்குங்கள். காய், பூ, கொடித் துண்டு எதையும் கேட்காமல் கிள்ளாதீர்கள். நம் தோட்டத்துக்கு வருபவரிடம் நாம் எதிர்பார்ப்பதுதான்.